இரைச்சலும் இரங்கலும்: லோர்னா ஷோர் குழுவின் 2025-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு

1. ஆய்வுப் பொருள்

இரங்கற்பாட்டு உலக மொழிகள் பலவற்றிலும் காணப்படும் இலக்கிய வகையாகும். இறந்தாரை நினைந்தும் இழந்த வாழ்வை எண்ணியும் மக்கள் பாடிய பாட்டுக்கள் தொன்றுதொட்டு வழங்கி வருகின்றன. அவற்றை ஆராய்வோர் சொல்லையே முதற் சான்றாகக் கொள்வர். பாடினவர் யார், பாடப்பட்டவர் யார், இழப்பு எத்தகையது, அதனை வெளியிடச் சொல் எவ்வாறு பயன்பட்டது என்பனவே அவர்தம் வினாக்கள். இம்முறையிற் குறை காண்பதற்கில்லை. ஆயினும், சொல் செவிக்கு விளங்காதவாறு பாடப்படும் ஒரு பாட்டு நம்முன் வந்து, தானும் இரங்கற்பாட்டே என்று கூறுமாயின், அதனை எவ்வாறு மதிப்பிடுவது? சொல் விளங்கவில்லை என்ற ஒன்றே அதனைத் தள்ளிவிடப் போதிய காரணமாகுமா? அன்றி, அச்சிட்ட சொற்களை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு அதுவே பாட்டு என்று கொள்ளலாமா?

இவ்வினாக்களை எழுப்பும் தொகுப்பொன்று 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் வெளிவந்தது. அமெரிக்க நாட்டு நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த லோர்னா ஷோர் என்னும் குழுவினர், ‘ஐ ஃபீல் தி எவர்பிளாக் ஃபெஸ்டரிங் விதின் மீ’ என்னும் பெயரால் அதனை வெளியிட்டனர். ‘என்றும் நீங்காக் கருமை என்னுள் புரையோடுவதை உணர்கின்றேன்’ என்று அப்பெயரை ஒருவாறு தமிழிற் சொல்லலாம். பத்துப் பாட்டுக்களும் சேர்ந்து ஒரு மணி நேரத்தைச் சற்றே கடக்கின்றன. இக்குழுவினர் பயிலும் இசைவகை ‘சிம்பொனிக் டெத்கோர்’ எனப்படும். இத்தொகுப்பை மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் மரபு அக்குழுவினர்பாற் சென்று சேர்ந்தது என்றோ, அவர்தம் கலைக்கும் நம் கலைக்கும் உறவுண்டு என்றோ இங்குக் கூறப்படவில்லை. கருவி நம்முடையது, பொருள் அவர்களுடையது. கருவி எவ்வளவு தூரம் பயன்படுகின்றது என்பதையும் உடன் நோக்குவோம்.

2. இசைவகையின் வரலாறு

டெத்கோர் இரண்டு ஓடைகள் கலந்து பிறந்த ஆறு போன்றது. ஒன்று, 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வேரூன்றி வளர்ந்த டெத் மெட்டல். ‘டெத்’ என்னும் பெயர்கொண்ட குழு 1987-இல் வெளியிட்ட ‘ஸ்கிரீம் பிளடி கோர்’ அதன் தொடக்கக்காலத் தொகுப்புக்களுள் ஒன்று. தாழச் சுருதி சேர்த்த கிட்டாரும், உறுமலாகிய குரலும், சாவைப் பற்றிய பாடுபொருளும் அதன் இயல்புகள். மற்றொன்று, ஹார்ட்கோர் என்னும் இசையும் மெட்டல் இசையும் கலந்து உருவான மெட்டல்கோர். பாட்டின் ஓட்டம் திடீரெனத் தளர்ந்து, கனத்த தாளம் விட்டுவிட்டு விழும் ‘பிரேக்டவுன்’ என்னும் பகுதியை டெத்கோர் இவ்வழியாகவே பெற்றது. முன்னின்று கேட்போர் உடலால் அத்தாளத்துக்கு விடையிறுப்பர். இரண்டும் கலந்த வகை 2000-க்குப் பின் வளர்ந்தது. கலிபோர்னியாவின் சூசைட் சைலன்ஸ் குழு 2007-இல் வெளியிட்ட ‘தி கிளென்சிங்’ இவ்வகையைப் பலரறியச் செய்த தொகுப்புக்களுள் ஒன்றாகும்.

பல்லிய ஓசையை மெட்டலோடு இணைக்கும் வழக்கம் வேறிடத்தில் முன்னரே தோன்றியிருந்தது. நார்வே நாட்டு எம்பரர் குழுவின் ‘இன் தி நைட்சைடு எக்லிப்ஸ்’ (1994) அதற்குச் சான்று. அந்நாட்டு டிம்மு போர்கிர் குழுவினர் 2003-இல் வெளியிட்ட தொகுப்பில் பிராக் நகரத்துப் பல்லியக் குழுவினரையே வாசிக்கச் செய்தனர். டெத்கோர்க் குழுக்களுள் கலிபோர்னியாவின் விண்ட்ஸ் ஆஃப் பிளேக் 2008-இலும், ஆஸ்திரேலியாவின் மேக் தெம் சஃபர் 2012-இலும் இவ்வோசைகளைத் தம் தொகுப்புக்களில் எடுத்தாண்டன. ஷேடோ ஆஃப் இன்டென்ட் என்னும் குழு 2022-இல் வெளியிட்ட தொகுப்புக்கு ‘எலிஜி’ என்றே பெயரிட்டது. இரங்கற்பாட்டு என்பது அதன் பொருள். சாவை அச்சுறுத்தும் பொருளாகப் பாடிவந்த வகை, அதனை இரங்கும் பொருளாகப் பாடத் தலைப்பட்டமை இப்பெயராலேயே விளங்கும். இம்மாற்றம் கருதத்தக்கது.

லோர்னா ஷோர் குழு 2009-இல் நியூ ஜெர்சியின் வாரன் கவுண்டியில் தோன்றியது. பேட்மேன் சித்திரக்கதைகளில் வரும் ஒரு பெண்பாத்திரத்தின் பெயரே குழுவின் பெயர். ‘சாம்ஸ்’ (2015), ‘ஃபிளெஷ் காஃபின்’ (2017), ‘இம்மார்ட்டல்’ (2020) என்பன முன்னைய தொகுப்புக்கள். பாடகர் இருமுறை மாறிய பின்னர், வில் ராமோஸ் 2021-இல் நிலையான பாடகராக அமைந்தார். அவ்வாண்டு வெளிவந்த ‘டு தி ஹெல்ஃபயர்’ என்னும் பாட்டின் இறுதியில் அவர் எழுப்பிய ஓசைகள் உலகெங்கும் வியப்போடு கேட்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘பெயின் ரிமெய்ன்ஸ்’ வெளிவந்தது. ஆடம் டி மிக்கோ, ஆண்ட்ரூ ஓ’கானர் ஆகியோர் கிட்டாரும், மைக்கேல் யாகர் பேஸ் கிட்டாரும், ஆஸ்டின் ஆர்ச்சி முழவும் இயக்குகின்றனர்.

3. குரலும் சொல்லும்

இத்தொகுப்பை முதன்முறை கேட்போர்க்குச் சொல் விளங்காது. பல முறை கேட்டோர்க்கும் அச்சிட்ட பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாலன்றி முற்றும் விளங்காது. இதனைப் பாடகரின் உச்சரிப்புக் குறை என்று கருதுதல் பொருந்தாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் குரலாய்வாளர் 2022-இல் ராமோஸ் அவர்களின் தொண்டைக்குள் நுண்ணிய ஒளிப்படக் கருவியைச் செலுத்தி, அவர் உறுமும்பொழுது நிகழ்வதைக் கண்டனர். இயல்பான பாட்டில் அதிரும் குரல்நாண்களுக்கு மேலே, போலி நாண்கள் எனப்படும் மடிப்புக்களும் அவற்றைச் சூழ்ந்த திசுக்களும் அதிர்ந்து அவ்வோசையைத் தோற்றுவித்தல் அங்குப் புலனாயிற்று.

தொல்காப்பியப் பிறப்பியல் கற்ற மாணவர்க்கு இச்செய்தி எளிதில் விளங்கும். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை என்னும் இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் முயற்சியால் வெவ்வேறு எழுத்தாகின்றது என்பது அவ்வியலின் கருத்து. உறுமற் குரலிலும் நாவும் இதழும் தம் தொழிலைச் செய்துகொண்டேயிருக்கின்றன. ஆனால், மிடற்றில் எழும் பேரோசை அத்தொழிலின் நுண்மையை மூடிவிடுகின்றது. எனவே, இங்குச் சொல் இல்லாமற் போகவில்லை, மூடப்பட்டிருக்கின்றது. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. பொருளற்ற கூச்சலுக்கும், பொருளுடைய சொல் கூச்சலுள் அமிழ்ந்து கிடப்பதற்கும் வேறுபாடு உண்டு.

இனி, மூடப்பட்ட சொல் என்ன பயன் செய்கின்றது என்று வினவலாம். மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வது உடம்பின்கண் புறத்தார்க்குப் புலப்படுமாறு வெளிப்படுதல். கண்ணீர், மயிர்சிலிர்ப்பு, நடுக்கம், குரல் தழுதழுத்தல் முதலியன சொல்லுக்கு முற்பட்டவை. துயரம் மிக்கவழிச் சொல் தடுமாறுதலை நாம் வாழ்க்கையிற் காண்கின்றோம். இழவு வீட்டில் முதலில் எழும் ஓலத்திற் சொற்கள் உண்டெனினும் அவற்றைத் தனித்தனியே பிரித்துக் கேட்பார் இலர். ஓலமே செய்தியைக் கூறிவிடுகின்றது. ராமோஸ் அவர்களின் குரல் இத்தகைய நிலையில் நிற்கின்றது. அது சொல்லின் ஊர்தி மட்டும் அன்று; சொல்லின் மெய்ப்பாடும் ஆகும்.

இதற்கு வலிய தடை ஒன்று உண்டு. சினத்துக்கும் உறுமல், துயரத்துக்கும் உறுமல், பெருமிதத்துக்கும் உறுமல் என்றால், மெய்ப்பாடு எட்டாகப் பிரிதற்கு இடம் ஏது? எல்லா உணர்ச்சிக்கும் ஒரே புறத்தோற்றம் உடையவன் உள்ளத்தை யார் அறிவார்? இத்தடையை எளிதில் தள்ளிவிட இயலாது. ராமோஸ் அவர்களிடம் தாழ்ந்த உறுமல், உயர்ந்த கீறற் குரல், மூச்சை இழுத்து விடுவது போன்ற ஓசை எனப் பல வேறுபாடுகள் உண்டு. பயின்ற செவி அவற்றை அறியும். ஆயினும், அவ்வேறுபாடுகள் உணர்ச்சியின் வகையைக் காட்டுவதினும் அதன் அளவையே மிகுதியாகக் காட்டுகின்றன. துயரம் எவ்வளவு என்பதைக் குரல் கூறுகின்றது. எத்தகைய துயரம் என்பதைக் கூறும் பொறுப்பு வேறொன்றன்மேல் விழுகின்றது. அவ்வேறொன்றே பல்லியம்.

4. பல்லியத்தின் தொழில்

நரம்புக் கருவிகள், ஊதுகொம்புகள், கூட்டுக்குரல் ஆகியவற்றின் ஓசை இத்தொகுப்பு முழுதும் பின்னணியாகப் பரந்து கிடக்கின்றது. பண் உணர்ச்சியைத் தாங்கி நிற்பது அதுவே. குரல் ஒரே மட்டத்தில் நின்று உறும, நரம்போசை மெல்ல ஏறி இறங்கி, இது இரக்கம், இது ஏக்கம், இது எழுச்சி என்று செவிக்கு உணர்த்துகின்றது. டி மிக்கோ அவர்களின் கிட்டார் தனியே இழைக்கும் இடங்களிலும் இதே தொழில் நிகழ்கின்றது. சொல்லால் ஆகாததைப் பண்ணாலும், பண்ணால் ஆகாததை ஓலத்தாலும் நிரப்பும் பகுப்பு இங்குக் காணப்படுகின்றது. இவ்வகையிற் பல்லியம் வெறும் அணியன்று. பொருள் விளக்கும் உறுப்பு என்பது தேற்றம்.

ஆனால், இவ்வுறுப்பின் நிலையைச் சற்று நெருங்கி நோக்க வேண்டும். ஐவர் கொண்ட இக்குழுவில் பல்லியம் இசைப்போர் எவரும் இலர். மேடையில் அவ்வோசை முன்னரே பதிந்து வைத்ததாக வருகின்றது. ஐந்து மனிதர் வியர்வை சிந்தித் தம் உடல்வலியைச் செலவிட, அவர்தம் துயரத்துக்குப் பொருள் கூறும் பகுதியோ மூச்சும் களைப்பும் அற்றதாக ஒலிக்கின்றது. இதனாற் பல்லியம் எந்நேரமும் நிறைந்தே நிற்கின்றது. ஊதுவோன் மூச்சு வாங்க நிற்கும் இடைவெளி அதற்கு இல்லை. அழுகைக்கு இன்றியமையாதது இடைவெளி. அழுவோர் மூச்சடங்கி நிற்கும் அந்நொடியில்தான் உடனிருப்போர் தாமும் அழுகின்றனர். இத்தொகுப்பில் அத்தகைய நொடிகள் சிலவே. நிறைவு என்பது எப்பொழுதும் சிறப்பாகாது. இதனை இத்தொகுப்பின் முதற் குறையாகக் கூறலாம்.

5. பிரேக்டவுன்

முற்கூறிய பிரேக்டவுன் என்னும் உறுப்பு, பிறப்பால், கூட்டத்தின் உடலை இயக்குதற்கு அமைந்தது. இரங்கற்பாட்டில் அதற்கு இடம் உண்டா? உண்டு என்பதே நம் கருத்து. மிக விரைந்து செல்லும் முழவு திடீரென ஓட்டம் இழந்து, அடி ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே வெறுமை விழுமாறு தளர்தல், நின்று பொறுக்கமாட்டாது மனிதன் சரிந்து விழுதலை ஒக்கும். நடந்துகொண்டிருந்தவன் செய்தி கேட்டு அமர்ந்துவிடுதல் போன்றது அது. இவ்வாறு பொருளோடு பொருந்தி வருமிடத்து அது மெய்ப்பாடாகின்றது.

பொருந்தாவிடத்து அது வாய்பாடாகிவிடுகின்றது. பாட்டுத்தோறும் இறுதியில் அதே தளர்ச்சி, அதனினும் பெருந் தளர்ச்சி, அதன்மேல் பாடகரின் அருமை காட்டும் ஓசை எனத் தொடர்ந்து வருமாயின், கேட்போன் துயரத்தை எதிர்நோக்குவதை விடுத்து வித்தையை எதிர்நோக்கத் தொடங்குகின்றான். 2021-ஆம் ஆண்டுப் பாட்டின் வெற்றி இக்குழுவினர்க்குப் பெரும் புகழைத் தந்தது. அப்புகழே அவர்க்கு ஒரு தளையும் ஆயிற்று. சித்திரகவி பாடுவோன் பெற்ற கைதட்டலுக்காக மீண்டும் மீண்டும் சித்திரகவியே பாட நேர்வது போன்ற நிலை இது. 2025-ஆம் ஆண்டுத் தொகுப்பு இத்தளையை ஓரளவு தளர்த்தியிருக்கின்றது, முற்றும் அறுக்கவில்லை.

6. இரண்டு தொகுப்புக்கள்: கனவும் இல்லமும்

‘பெயின் ரிமெய்ன்ஸ்’ என்னும் முன்னைத் தொகுப்பு ஒரு கனவுக்கதை. உறக்கத்துள் தானே உலகைப் படைத்துத் தானே இறைவனாகி, அவ்வாற்றலிலும் பொருளின்மை கண்டு, இறுதியில் இல்லாமற் போதலை விரும்பும் ஒருவனின் நிலையே அதன் பொருள். தொகுப்பின் பெயரையே தாங்கி முடிவில் நிற்கும் மூன்று பாட்டுக்கள் ஒரே பாட்டின் மூன்று பகுதிகள் போல் தொடர்ந்து, அன்பின் இழப்பைப் பாடுகின்றன. ஏறத்தாழ இருபது நிமிடம் ஒலிக்கும் அப்பகுதியை இவ்வகை இசையின் உயர்ந்த படைப்புக்களுள் ஒன்றாகக் கொள்ளலாம். ஆயினும், அங்கு இழக்கப்பட்டவர் யார் என்பது நமக்குத் தெரியாது. பெயரில்லை, ஊரில்லை, உறவுமுறை இல்லை. அகத்திணையிற் பெயர் சுட்டாமை மரபு. அங்குப் பொதுமையே சிறப்பு. கையறுநிலையிலோ, இறந்தவன் இன்னான், அவனால் வாழ்ந்தவர் இன்னார், அவன் இன்மையால் வறிதாகியது இன்னது என்னும் தெளிவே பாட்டுக்கு உயிர். முன்னைத் தொகுப்பு அகம் போலப் பொதுமையிற் பாடிக் கையறுநிலையின் பயனை நாடியது எனலாம். இசையின் ஆற்றலால் அது பெரிதும் வென்றது. பொருளின் தெளிவால் அன்று.

2025-ஆம் ஆண்டுத் தொகுப்பிற் கனவு கலைந்து இல்லம் தோன்றுகின்றது. இரண்டு பாட்டுக்கள் இதற்குச் சான்று.

முதற்பாட்டு ‘பிரிசன் ஆஃப் ஃபிளெஷ்’. ‘ஊனாலாகிய சிறை’ என்பது பெயர்ப்பொருள். தம் குடும்பத்தாரிடையே காணப்படும் நினைவிழப்பு நோயும், அது தம்மையும் பற்றுமோ என்னும் அச்சமுமே இப்பாட்டின் கரு எனப் பாடகரே கூறியிருக்கின்றார். இதனை மெய்ப்பாட்டியலோடு பொருத்தி நோக்குவோம். அழுகை பிறத்தற்கு இழிவுபடுதல், இழத்தல், முன்னைய நன்னிலையிலிருந்து தளர்ந்து வேறாதல், வறுமையுறுதல் என நான்கு நிலைக்களன்கள் கூறப்படும். இவற்றுள் மூன்றாவதாகிய அசைவு, நினைவிழப்புக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்பது காண்க. நோயுற்றவர் இறக்கவில்லை, ஆதலின் இழவு என்று முடித்துவிட இயலாது. அவர் இருக்கின்றார், ஆயினும் பண்டு இருந்த அவர் அல்லர். இறந்தாரை இரங்கும் பாட்டுக்கள் பல உண்டு. இருந்துகொண்டே இல்லாமற் போவோரை இரங்கும் பாட்டுக்கள் அரியன. அசைவைத் தனி நிலைக்களனாகப் பிரித்துக் கூறிய நுட்பம், இன்றைய நோயொன்றைப் பற்றிய அயல்நாட்டுப் பாட்டை நாம் சரியாகப் பெயரிட்டு அழைக்க உதவுகின்றது.

அச்சத்தைப் பொறுத்தவரையில் இத்தகைய பொருத்தம் இல்லை. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அச்சத்தின் நிலைக்களன்கள். நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. அணங்கு வெளியிலிருந்து தாக்கும். விலங்கு காட்டிலிருந்து வரும். கள்வர் வழியில் மறிப்பர். இறைவன் அரியணையிலிருந்து ஒறுப்பான். இப்பாட்டில் அஞ்சப்படுவதோ அஞ்சுவோனின் ஊனுக்குள்ளேயே உள்ளது. தன் மூளையைத் தானே அஞ்சுகின்றான். தொகுப்பின் பெயரில் உள்ள ‘என்னுள்’ என்னும் சொல்லின் கனம் இங்கே விளங்குகின்றது. டெத் மெட்டல் மரபு பேயையும் பிணத்தையும் கொலைஞரையும் புறத்தே நிறுத்தி அச்சம் விளைத்தது. அம்மரபில் வந்த ஒரு குழு அச்சத்தின் இடத்தையே மாற்றியிருக்கின்றது. நம் நூல் கூறும் நான்கனுள் இதனை வலிந்து அடக்க முயலுதல் நூலுக்கும் பாட்டுக்கும் நன்மை செய்யாது. பிறவற்றை அறியக் கருவி பயன்படுமிடத்தைப் போலவே, பயன்படாத இடமும் நமக்கு அறிவு தருகின்றது.

இப்பாட்டில் மூடப்பட்ட சொல்லும் தன் முழுப்பயனை அடைகின்றது. நினைவிழப்பு நோயின் கொடுமைகளுள் ஒன்று, சொல் நாவிற்கு வாராமை. சொல்ல வேண்டியது உள்ளது, சொல் வெளிப்படவில்லை. பாட்டின் சொல் ஓசைச் சிறையில் அகப்பட்டுக் கிடத்தலும், நோயாளி ஊன்சிறையில் அகப்பட்டுக் கிடத்தலும் இங்கு ஒன்றாகின்றன. இவ்விசைவகையின் இயல்பான குறை பாடுபொருளின் உருவமாகவே மாறிவிடுகின்றது. இத்தொகுப்பின் தலைசிறந்த இடம் இது என்பது நம் துணிபு.

மற்றொன்று ‘கிளென்வுட்’. தந்தையோடு நெடுங்காலம் பேச்சற்றிருந்த மகன் மீண்டும் அவரைக் காணச் செல்லும் நிலை இதன் பொருள். இங்குச் சாவு இல்லை, நோயும் இல்லை. உயிரோடிருக்கும் ஒருவரை இழந்திருத்தலே துயரம். தாய் தந்தை முதலாய சுற்றத்தாரை இழத்தலை இழவின்பாற் படுத்துவர் உரையாசிரியர். அவ்விழவு சாவினால் மட்டும் வருவதன்று என்பதை இப்பாட்டு காட்டுகின்றது. மேலும், இங்கே இழந்தவனும் இழப்புக்குக் காரணமானவனும் ஒருவனே ஆகலாம் என்னும் குறிப்புத் தோன்றுகின்றது. ஆதலின் சினத்துக்கு இடமில்லை. குறை கூறத்தக்க பகைவன் இலன். இவ்வகை இசையிற் பகைவன் இன்றிப் பாடுதல் எளிதன்று. நரம்போசை இப்பாட்டில் முன்னுக்கு வந்து, குரல் அதனைத் தொடர்ந்து செல்கின்றது. ஏனைய பாட்டுக்களிற் பெரும்பாலும் நிகழ்வது இதற்கு மறுதலை. எளிய ஒரு பண் மீண்டும் மீண்டும் திரும்பி வருதல், வாயிலருகே சென்று தயங்கித் திரும்பும் நடையை நினைவூட்டுகின்றது.

7. நிறையும் குறையும்

தொகுப்பு முழுதும் இவ்விரு பாட்டுக்களின் உயரத்தில் நிற்கவில்லை. ‘லயன்ஹார்ட்’, ‘வார் மெஷின்’ போன்றவை பெருமிதத்தையும் வெகுளியையும் நோக்கிச் செல்கின்றன. எட்டு மெய்ப்பாடும் ஒரு தொகுப்பில் வருதல் குற்றமன்று. ஆனால், அங்குக் கூட்டுக்குரலும் ஊதுகொம்பும் யாரை வாழ்த்துகின்றன, எப்போரைப் பாடுகின்றன என்பது தெளிவாகவில்லை. புறத்திணையில் வாகைக்கு வென்றவன் வேண்டும். வென்றவன் இன்றி எழும் வாகை வெறும் முழக்கமாகிவிடும். ‘அன்பிரேக்கபிள்’ என்னும் பாட்டு, கேட்போர் கூட்டத்தையே தன் துணையாகக் கொண்டு எழுதலின் இக்குறையினின்று ஒருவாறு தப்புகின்றது. இறுதிப் பாட்டாகிய ‘ஃபரெவர்மோர்’ நெடிது. அதன் தொடக்கத்து அமைதியை இன்னும் சற்று நீட்டியிருப்பின் முடிவின் பேரோசை மிகுபயன் விளைத்திருக்கும்.

இத்தகைய இசையைப் பற்றி இருவேறு கருத்துக்கள் உண்டு. வெறும் இரைச்சல் என்று தள்ளுவோர் ஒருசாரார். இவ்வளவு வலிமையாக ஒலிப்பதால் இதுவே உண்மையான உணர்ச்சி என்று கொண்டாடுவோர் மற்றொரு சாரார். இருவரும் ஒரு பிழையையே செய்கின்றனர். ஓசையின் அளவு கொண்டே உணர்ச்சியின் உண்மையை அளக்கின்றனர். ஒருவர் மிகுதியைக் கண்டு பொய் என்கின்றார், மற்றவர் அதனையே கண்டு மெய் என்கின்றார். அளவு சான்றாகாது. எதனால் அவ்வோசை எழுந்தது, அதனுள் பொருந்திய பொருள் யாது, பொருளும் ஓசையும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்பவையே சான்றாகும்.

முதற்சாராரை நோக்கி மேலும் ஒன்று கூறலாம். பேய்கள் கூழ் அட்டு உண்ணும் களக்காட்சியைக் கலிங்கத்துப் பரணியிற் படித்துச் சுவைக்கும் நாம், அயல்நாட்டார் பிணத்தையும் இருளையும் பாடினர் என்பதற்காக அருவருப்புக் கொள்ளுதல் முறையாகாது. செயங்கொண்டாரின் பேய்கள் அச்சத்தோடு நகையையும் தந்தன. அப்பெருநூலில் அவை நின்ற இடம் அவற்றுக்குப் பொருள் தந்தது. பொருள் தரும் இடம் இங்கும் உண்டா என்று நோக்குவதே திறனாய்வாளர் கடமை. ‘பிரிசன் ஆஃப் ஃபிளெஷ்’, ‘கிளென்வுட்’ ஆகிய பாட்டுக்களில் அவ்விடம் உண்டு. வேறு சிலவற்றில் இல்லை.

8. முடிபு

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துக்கள் பெறப்படும். சொல் செவிக்கு விளங்காமை ஒன்றே ஒரு பாட்டை இரங்கற்பாட்டு அல்லாததாக்காது. அச்சொல் உள்ளே இருந்து, குரல் அதன் மெய்ப்பாடாக நிற்குமாயின் பாட்டு பயன் விளைக்கும். அவ்வாறு நிற்குங்கால் உணர்ச்சியின் வகையை உணர்த்தும் பொறுப்பைப் பண் ஏற்கின்றது. அப்பண் இடைவெளி அறியாததாயின் உணர்ச்சி மழுங்கும். வித்தை பொருளைத் தாங்கும்வரை நன்று. பொருள் வித்தையைத் தாங்கத் தொடங்கின் தீது. லோர்னா ஷோர் குழுவினரின் 2025-ஆம் ஆண்டுத் தொகுப்பு, கனவுலகின் பெயரறியாத் துயரத்தை விடுத்து, தந்தையும் குடும்பமும் நோயும் என்னும் பெயருடைய துயரத்தை நாடியதால் முன்னைத் தொகுப்பினும் பொருளால் ஒருபடி உயர்ந்துள்ளது; கட்டுக்கோப்பால் முன்னைத் தொகுப்பின் இறுதி மூன்று பாட்டுக்களை எட்டவில்லை.

இத்தகைய இசையை ஆராயப் புகும் மாணவர் இரண்டு செயல்களைத் தவிர்த்தல் வேண்டும். அச்சிட்ட சொல்லை மட்டும் படித்து முடிவு கூறுதல் ஒன்று. சொல்லைப் பாராது ஓசையை மட்டும் கேட்டு முடிவு கூறுதல் மற்றொன்று. முதலிற் கேட்டு, பின் படித்து, அதன்பின் இரண்டையும் ஒருங்கே வைத்து மீண்டும் கேட்பின், மூடப்பட்ட சொற்களுள் எவை மூடப்பட்டதனாற் சிறந்தன, எவை மூடப்பட்டதனாற் கெட்டன என்பது புலனாகும். மெய்ப்பாட்டியல் நிலைக்களன்களுள் அகத்தே தோன்றும் அச்சத்துக்கு இடம் யாது என்னும் வினாவும் உரைகளை ஒப்புநோக்கி விரிவாக ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சி இப்பத்துப் பாட்டுக்களோடு நில்லாது, நம் இலக்கியத்திலேயே நோயும் மூப்பும் பாடப்பட்ட இடங்களை மீண்டும் நோக்க நம்மைத் தூண்டும்.